சாக்கு சாக்காகச் சேரும் மரத்தூளையும் இழைப்புச் சீவலையும் என்னதான் செய்வது?

சீவல்மூட்டை:

வணக்கம் நண்பர்களே. நானும் தம்பியும் சேர்ந்து சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை நடத்துகிறோம். மேசை ரம்பம் ஒன்று, பிளேனர் ஒன்று, கையில் பிடித்துத் தேய்க்கிற சாண்டர் இரண்டு, அவ்வளவுதான். வேலை கொஞ்சமாக இருந்தாலும் குப்பை மட்டும் பெரிய மில் அளவுக்குச் சேர்கிறது. பிளேனரை ஒரு நாள் ஓட்டினாலே இரண்டு மூன்று சாக்கு சீவல். பலகையில் இரண்டு மில்லி எடுத்தால் பலகையைவிடப் பெரிய குவியலாக வந்து நிற்கிறது.

இதுவரை இரண்டு முயற்சி செய்து பார்த்துவிட்டேன், இரண்டும் சொதப்பல். முதலில் கொல்லையில் இருக்கிற மிளகாய்ச் செடிகளுக்கு இரண்டு சாக்குத் தூளைக் கொட்டி மண்ணோடு கொத்திக் கலந்துவிட்டேன், மரம்தானே, மக்கி உரமாகிவிடும் என்ற நினைப்பு. மூன்றே வாரத்தில் கீழ் இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகிச் செடி அப்படியே நின்றுவிட்டது. அடுத்த முறை ஒரு மூலையில் குவித்துக் கொளுத்தினேன். மேலே தீ பிடித்தது போலப் பிடித்து அணைந்துவிட்டு, உள்ளே கனன்று கனன்று இரண்டு நாள் புகைந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னதை இங்கே எழுத முடியாது.

மரம் என்று பார்த்தால் தேக்கு, பைன், ரப்பர் மரம் மூன்றும் வரும். நடுநடுவே பிளைவுட், எம்டிஎஃப் வேலையும் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே சாக்கில்தான் கட்டுகிறோம். இயந்திரம் வாங்கி, தூளை அழுத்தி எரிகட்டி (விறகுக்குப் பதிலாக எரிக்கிற கட்டி) அடித்து விற்கிற யோசனை எல்லாம் இல்லை. பட்டறையிலோ வீட்டிலோ ஏதாவது உபயோகமாகுமா, கேட்கிறவர்களுக்குக் கொடுத்தால் அவர்களுக்காவது பிரயோஜனப்படுமா என்பதுதான் கேள்வி.

பழைய_ரம்பம்:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. "எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே சாக்கில்" என்று எழுதினீர்களே, அங்கேதான் அது குப்பையாகிறது. அந்தச் சாக்கைக் கோழிக்கும் போட முடியாது, செடிக்கும் போட முடியாது, அடுப்பிலும் வைக்க முடியாது. உள்ளே எம்டிஎஃப் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பிளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு மூன்றும் பிசின் போட்டு ஒட்டின சரக்கு. பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பிசின். அந்தத் தூளுக்கு நல்ல உபயோகம் என்று ஒன்று கிடையாது, தேடவும் வேண்டாம். தனியாகக் கட்டி முறைப்படி குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். பெயின்ட் அடித்த பழைய மரத்தின் தூளும் அதே கணக்குதான். பச்சை சாயம் தெரிகிற பழைய வேலிக்கால், தளப்பலகை ஏதாவது அறுக்க வந்தால் இன்னும் கவனம். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் ஏற்றிய மரமாக அது இருக்கலாம், அதன் சாம்பல்கூட விஷம்.

அதற்கடுத்து, எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பிளேனர் தருவது சுருள் சீவல். ரம்பம் தருவது ரவை மாதிரி தூள். சாண்டர் தருவது மாவு. மூன்றுக்கும் பெயர்தான் ஒன்று, குணம் வேறு வேறு. பையை மாற்ற ஒரு நிமிடம் ஆகுமா? பிளைவுட் வேலை தொடங்குவதற்கு முன்னால் தரையைக் கூட்டி, தூசிப்பையைக் கழற்றி வேறு பை மாட்டிவிட்டு ஆரம்பியுங்கள், முடிந்ததும் மறுபடி மாற்றுங்கள். நான் பழகினதும் இப்படித்தான், முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும்.

பட்டறையிலேயே செலவாகிற வழிகளும் உண்டு. சாண்டர் மாவை மரவாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டு வையுங்கள். இணைப்பில் சின்ன இடைவெளி, ஆணி ஓட்டை எல்லாம் அடைக்க அதுதான் சரியான சரக்கு. பலரும் அதை ஃபெவிகாலில் குழைப்பார்கள், குழைக்கும்போது நிறம் அச்சாகப் பொருந்தும், பாலிஷ் அடித்ததும் அந்த இடம் மட்டும் தனியாகப் பொட்டு வைத்த மாதிரி தெரியும். பசை மரத்தின் துளைகளை அடைத்துவிடுவதால் சாயம் உள்ளே இறங்காது. நான் பாலிஷுக்குப் போகிற சாமான்களில் அரக்குக் கரைசலைத்தான் ஊற்றுவேன். கெட்டியாக, கத்தி நுனியில் எடுத்தால் விழாத பதம். ஓட்டையில் அழுத்தி, கொஞ்சம் மேடாகவே விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு தேய்க்க வேண்டும். காயும்போது உள்வாங்கும், அதற்குத்தான் அந்த மேடு.

ரம்பத்தூளைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் தரையில் தூவிக் கூட்டிப் பாருங்கள், ஒரு பொட்டுத் தூசி மேலே கிளம்பாது. எண்ணெய் சிந்தினால் காய்ந்த தூளைக் கொட்டி அரை மணி நேரம் விட்டு அள்ளிவிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், அதை உறிஞ்சின தூளையோ துணியையோ சாக்கில் திணித்து மூலையில் வைக்காதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூட்டைக் கக்கும், தூள் அந்தச் சூட்டை வெளியே விடாமல் பொத்தி வைக்கும், யாரும் நெருப்பு வைக்காமலே தானாகப் பற்றிக்கொள்ளும். எனக்கு ஒரு முறை சாக்கின் அடி கருகினதோடு போயிற்று, மணம் வந்து கண்டுபிடித்தேன்.

மாவுத்தூசி காற்றில் மிதந்தால் வெடிக்கவே செய்யும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஜனவரியில் ஒரு மரமில், ஏப்ரலில் இன்னொரு மரமில், இரண்டும் தூசியால் வெடித்து மில்லுக்கு இரண்டு பேராக நான்கு பேர் இறந்தார்கள். உத்தரத்தின் மேல் படிந்திருக்கிற தூசியை ஊதி இறக்காதீர்கள், உறிஞ்சி எடுங்கள். நுரையீரலுக்கும் இது ஆகாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது, முக்கியமாக மூக்கும் சைனஸும். முகமூடி போடுங்கள். தேக்கு என்றால் சிலருக்குத் தோலும் அரிக்கும்.

மண்வாசம்:

மிளகாய்ச் செடி பாவம்! ஆனால் செடியை விஷம் எதுவும் கொல்லவில்லை, பட்டினி போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

மரத்தூளில் கரிமம், அதாவது கார்பன், ஏராளம்; தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கிட்டத்தட்ட இல்லை. ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 400 பங்கு கரிமம் என்று வைத்துக்கொள்ளலாம், மரத்துக்கு மரம் மாறும். அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கோ 30-க்கு 1 என்ற அளவில் வேண்டும். தூளை மண்ணுக்குள் கொத்திவிட்டால் அவை பெரிய விருந்து கிடைத்த மாதிரி பெருகும், விருந்தில் இல்லாத தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். செடிக்கு மிச்சம் இருக்காது. கீழ் இலை முதலில் மஞ்சளானது அதனால்தான், பழைய இலையில் இருக்கிற சத்தைப் பிடுங்கித்தான் செடி புதுத் தளிருக்கு அனுப்புகிறது. இப்போதைக்குக் கொஞ்சம் யூரியாவோ சாணக் கரைசலோ கொடுத்துப் பாருங்கள், தேறிவிடும்.

அதே சீவலை மண்ணின் மேலே பரப்பினால் இந்தப் பிரச்சினை பெரிதாக வராது, ஏனென்றால் அந்தச் சண்டை மண்ணும் சீவலும் தொடுகிற மெல்லிய பரப்பில் மட்டும்தான் நடக்கும், வேர் அதற்குக் கீழே இருக்கிறது. மரங்களுக்கும் புதர்ச் செடிகளுக்கும் இரண்டு மூன்று அங்குல மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. தூள் வேண்டாம், சீவல்தான். தூள் மேலே போட்டால் காய்ந்து அடைபோல இறுகி, ஊற்றுகிற தண்ணீரே வழிந்தோடிவிடும். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் போடாதீர்கள், கரையானுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிவிடும்.

உரமாக்கத்தான் வேண்டும் என்றால் தழைச்சத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். நான் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிலோ காய்ந்த தூளில் 50 கிலோவாவது கரிமம், 30-க்கு 1 என்று கொண்டுவர ஏறக்குறைய ஒன்றரை கிலோ தழைச்சத்து வேண்டும், யூரியாவில் 46 சதவீதம் இருப்பதால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். மரக் கரிமம் எல்லாம் ஒரே நேரத்தில் கரையாது, அதனால் 2 கிலோவில் ஆரம்பித்தால்கூடப் போதும். யூரியா பிடிக்காதவர்கள் கோழி எருவோ பச்சைப் புல்லோ சேர்க்கலாம், என் வழி அதுதான். ஈரம் எவ்வளவு என்றால், கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு, அதற்கு மேல் இல்லை. காய்ந்த தூள் முதலில் தண்ணீரை வாங்கவே வாங்காது, மேலே உருண்டு ஓடும். கலைத்துக் கலைத்துத் தெளிக்க வேண்டும், இந்த ஒரு வேலையில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சரியாக அமைந்தால் சில நாளில் நடுவே கை வைக்க முடியாத சூடு வரும். அப்புறம் அடிக்கடி கிளறி விடுவதுதான். ஆறு மாதத்துக்குக் குறையாது, தேக்கு என்றால் இன்னும் இழுக்கும், மக்காமல் இருப்பதற்குத்தானே அந்த மரத்தையே வாங்குகிறோம்.

ரப்பர் மரம் என்று எழுதியிருந்தீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. பட்டறைக்கு வருகிற ரப்பர் மரப் பலகை பெரும்பாலும் வண்டும் பூஞ்சையும் வராமல் இருக்க போரான் உப்பு ஏற்றியதாக இருக்கும். போரான் செடிக்குத் துளியளவு வேண்டும், கொஞ்சம் கூடினால் இலை ஓரம் கருகும். அந்தச் சீவலைத் தோட்டத்துக்குக் கொண்டு வராதீர்கள்.

கொக்கரக்கோ:

சீவல் எல்லாம் என்னிடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது, அவ்வளவு தூரம் வர முடியாதே! கோழி வளர்க்கிற யாராவது பக்கத்தில் இருந்தால் பைன் சீவலை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆழ்கூளம், அதாவது கோழிக் கொட்டகைத் தரையில் தடிமனாகப் பரப்புகிற படுக்கை, அதற்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. ஈரத்தை உறிஞ்சும், கிளறினால் சீக்கிரம் உலரும், காலுக்கு மெத்தென்று இருக்கும்.

ஆனால் தூளைக் கொடுத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் எனக்கு ஒருவர் மரத்தூள் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார், சும்மா வருகிறதே என்று குஞ்சுக் கூண்டில் பரப்பிவிட்டேன். குஞ்சுக்குத் தீவனத்துக்கும் தூளுக்கும் வித்தியாசம் தெரியாது, கொத்திக் கொத்தி விழுங்கி இரைப்பை கல் மாதிரி ஆகிவிட்டது. மிச்சமிருந்ததுகளுக்குத் தூசியால் தும்மலும் சளியும். பதினொரு குஞ்சு போயிற்று. இப்போதெல்லாம் சீவலாக இருந்தாலும் முதல் நான்கைந்து நாள் மேலே காகிதம் விரித்துவிடுகிறேன்.

ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்குவேன். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், கிளறிக் காய்ந்த சீவல் சேர்க்க வேண்டும், மூக்கில் நெடி ஏறுகிற வரை விடக் கூடாது. ஒரு சுற்று முடிந்து அள்ளும்போது அது வெறும் சீவல் இல்லை, எச்சம் ஊறின சீவல். மண்வாசம் அக்கா மேலே சொன்ன தழைச்சத்துக் கணக்கைக் கோழியே பாதி முடித்துக் கொடுத்துவிடுகிறது. நேரே செடியில் போடாமல் குவித்து மக்கவிட்டுப் போடுங்கள்.

மாட்டுக்குப் படுக்கையாகத் தூள் கேட்பவர்களும் வருவார்கள். ஈரமான பச்சைத் தூளாக இருந்தால் கொடுக்க வேண்டாம். கிளெப்சியெல்லா என்ற கிருமி அதில் நன்றாக வளரும், மடிநோய் வரும். நன்றாகக் காய்ந்தது என்றால் பரவாயில்லை, அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

அணையா_அடுப்பு:

மூலையில் குவித்துக் கொளுத்தினது தப்பு, எரிக்க நினைத்தது தப்பில்லை. தூள் அடுப்பு கேள்விப்பட்டதில்லையா? காற்று போக வழி இல்லாத தூள் புகையும், வழி விட்டால் எரியும், இவ்வளவுதான் சூட்சுமம்.

ஒரு தகர டின், அடிப்பக்கத்தில் ஓரமாகக் கை நுழைகிற அளவு ஓட்டை. டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிற்க வைத்து, பக்க ஓட்டை வழியாக ஒரு உருட்டுக் கட்டையை உள்ளே விட்டுப் பாட்டிலின் அடியைத் தொடவையுங்கள். சுற்றிலும் காய்ந்த ரம்பத்தூளை நான்கு விரல் உயரம் போட்டு இடி, மறுபடி போடு, மறுபடி இடி. இதில் சோம்பல் பட்டால் பாதி எரியும்போது உள்ளே சரிந்து குழி அடைத்து ஒரே புகையாகிவிடும். விளிம்பு வரை இடித்ததும் பாட்டிலை மெதுவாகத் திருகித் திருகி மேலே உருவு, கட்டையைப் பக்கவாட்டில் உருவு. உள்ளே ஒரு புகைபோக்கி தயார். கீழே காகிதம் வைத்துப் பற்றவைத்தால் குழியின் சுவர் உள்ளிருந்து வெளியே மெல்ல மெல்ல எரியும், மணிக்கணக்கில், நடுவில் யாரும் தள்ளவும் வேண்டாம் ஊதவும் வேண்டாம். வெளியிலோ நல்ல காற்றோட்டத்திலோ மட்டும். மூடின அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். மேலே சொன்ன பிளைவுட், போரான் வகையறா இதற்கும் ஆகாது.

எரிகட்டி வேண்டாம் என்று சொன்னது நல்ல முடிவு. ஈரம் பத்து சதவீதம் அளவில் இருக்க வேண்டும், மரத்திலுள்ள லிக்னின் இளகி அதுவே பசையாகிற அளவுக்குச் சூடும் அழுத்தமும் வேண்டும். கை நெம்புகோலில் காகிதக் கூழ் கலந்து அமுக்கினால் வருவது உலரவே வாரக்கணக்காகும், கனமும் இருக்காது. நான் ஒரு மழைக்காலம் முழுக்க அதைச் செய்து பார்த்தவன்.

சுடுமண்:

நான் மண்பாண்டம் செய்கிறவள், எனக்கு உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கோபப்படுத்தின அந்தக் கனலும் புகையும்தான் வேண்டும்! ஒரு பீப்பாயில் தூளுக்கு நடுவே ஏற்கெனவே சுட்ட பாத்திரங்களை அடுக்கி, மேலிருந்து பற்றவைத்து மூடி போட்டுவிட்டால் ஒரு நாள் முழுக்க மெல்லக் கனன்று இறங்கும். எடுத்துப் பார்த்தால் கறுப்பும் சாம்பலுமாக ஒவ்வொன்றும் ஒரு விதம். அப்புறம் சலித்த தூளைக் களிமண்ணில் கலந்து சுட்டால் தூள் எரிந்துபோய் அந்த இடமெல்லாம் நுண்துளையாகும். சூளைக்கு எடை குறைந்த, சூட்டைத் தடுக்கிற செங்கல் அப்படித்தான் செய்கிறோம். தண்ணீர் வடிகட்டும் மண்குடுவையும் அதே வித்தைதான். யாராவது சிமெண்டில் கலக்கச் சொன்னால் மட்டும் யோசியுங்கள், மரத்திலுள்ள சர்க்கரை சிமெண்டை இறுக விடாது.

சும்மா_படிக்கிறவன்:

உபயோகம் இல்லை, ஒரு தகவல். 1833-ல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு நான்கு மாதக் கப்பல் பயணத்தில் பனிக்கட்டி வந்து சேர்ந்தது, பாதிக்கு மேல் உருகாமல். அமெரிக்கப் பனிக்கட்டி வியாபாரமே மரமில்கள் தூக்கி எறிந்த தூளைப் பொதிந்து நடந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் பனியோடு 14 சதவீதம் மரக்கூழ் கலந்து உறையவைத்து அதில் விமானம் தாங்கிக் கப்பல் கட்டவே பிரிட்டிஷ்காரர்கள் திட்டம் போட்டார்கள், 1943-ல் கனடாவில் ஒரு ஏரியில் சின்னதாகச் செய்தும் பார்த்தார்கள்.

சீவல்மூட்டை:

எல்லாருக்கும் நன்றி. ரப்பர் மர விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஒரு சந்தேகம், காளான் வளர்ப்பவர்கள் ரப்பர் மரத்தூளைத்தான் விரும்பி வாங்குவார்கள் என்று கேட்டிருக்கிறேனே, அது எப்படி?

மண்வாசம்:

இரண்டும் உண்மைதான். அவர்கள் வாங்குவது மில்லில் பச்சை மரத்தை அறுக்கும்போது விழுகிற தூள், மருந்து ஏற்றுவதற்கு முன்னால். உங்களிடம் வருவது மருந்து ஏற்றி உலர்த்தின பிறகு. மரம் ஒன்றுதான், வந்த வழி வேறு. காளானுக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

சீவல்மூட்டை:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். இப்போது பட்டறையில் நான்கு சாக்கு, நான்கு நிறக் கயிறு. பைன் சீவல் பச்சைக் கயிறு, கோழி வைத்திருக்கிற ஒரு அம்மா வாரம் ஒரு முறை வந்து எடுத்துப் போகிறார், போன வாரம் அவர் கேட்காமலே ஒரு சாக்கு பழைய கூளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அது இப்போது கொல்லையில் குவியலாக மக்கிக்கொண்டிருக்கிறது, காலையில் கிளறினால் ஆவி வருகிறது. தேக்குத் தூள் அடுப்புக்கு. முதல் இரண்டு தடவை அணையா_அடுப்பு சொன்ன மாதிரியே சரிந்து புகைந்தது, மூன்றாவது தடவை தம்பி ஏறி நின்று மிதித்து இடித்தான், மூன்று மணி நேரம் எரிந்தது. பிளைவுட், எம்டிஎஃப், ரப்பர் மூன்றும் சிவப்புக் கயிறு, குப்பைக்கு. தரை கூட்ட ஒரு சாக்கு.

சாண்டர் மாவு ஏழு டப்பாவில் இருக்கிறது. ஓட்டை அடைக்க மாதத்துக்கு ஒரு கரண்டிகூடச் செலவாகவில்லை, டப்பா தீர்ந்துவிட்டது, மாவு தீரவில்லை. இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய_ரம்பம்:

மரத்துக்கு ஒரு டப்பா வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தண்ணீர் தெளித்துச் சிவப்புக் கயிற்றில் கட்டு தம்பி. நானும் இருபது வருடம் சேர்த்துப் பார்த்துவிட்டேன்.

மண்வாசம்:

மிளகாய் என்ன ஆயிற்று?

சீவல்மூட்டை:

நான்கில் மூன்று தளிர்த்துவிட்டது அக்கா. ஒன்று போயிற்று.